வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவர்களுக்கு: பொது சார்ஜிங் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்கான பக்கம்?

மின்சார ஸ்கூட்டரோ ஆட்டோவோ காரோ வைத்திருக்கிறீர்கள், அல்லது வாங்கலாமா என்று யோசிக்கிறீர்கள். ஆனால் இரவில் வண்டி நிற்கும் இடத்தில் உங்கள் மீட்டரிலிருந்து வரும் ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது. மாடி போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர், மேன்ஷனில் தங்கியிருப்பவர், பார்க்கிங் இல்லாத பழைய ஃபிளாட்காரர், தெருவோரம் ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தூங்கப் போகிறவர் எல்லாரும் இதில் அடக்கம். நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். சென்னையில் இரண்டாவது மாடி வாடகை வீடு, கீழே ஒரு ஸ்கூட்டர், இரண்டுக்கும் நடுவே முப்பத்துநான்கு படிகள்.

சொந்த கராஜும் கூரையில் சோலாரும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பக்கத்தில் வேலையில்லை.

வீட்டு மீட்டருக்கும் வெளி சார்ஜருக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். ஸ்கூட்டர் ஒன்று 100 கிலோமீட்டருக்குச் சுமார் 3 யூனிட் குடிக்கும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஏறி, மொத்தம் 400 யூனிட்டுக்குள் நிற்கும் வீடு என்றால் மேல்தட்டு ஸ்லாபில் யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு. ஆக, ஸ்கூட்டருக்கு இரண்டு மாதத்துக்கு 300 ரூபாய்கூட ஆகாது. அதே 60 யூனிட்டை வெளியே 15 ரூபாய் வீதம் போட்டால் 900 ரூபாய்.

காருக்கு வித்தியாசம் இன்னும் கடுமையாக உறைக்கும். 100 கிலோமீட்டருக்கு 14 யூனிட் என்று வையுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்தில் 280 யூனிட். வீட்டிலேயே போட்டாலும் இது பில்லை 500 யூனிட்டுக்கு மேல் தள்ளிவிடும். தள்ளினால் கீழ்த்தட்டுகளின் கட்டணமும் சேர்ந்து ஏறும், அது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அப்படியும் யூனிட்டுக்குச் சராசரியாக 8 ரூபாய் என்று வைத்தால் 2,240 ரூபாய். ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 25 ரூபாய் என்றால் 7,000. பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்து, பெட்ரோல் நூறு ரூபாய் என்றால் 12,500. வெளியே போட்டாலும் பெட்ரோலைவிட மலிவுதான். ஆனால் மின்சார கார் வாங்க அதிகம் கொடுத்த பணம் திரும்பி வர வேண்டிய காலம் நீண்டுகொண்டே போகிறது.

ஒரே மின்சாரம்தானே? வெளியே ஏன் மூன்று மடங்கு, நான்கு மடங்கு?

பலரும் கரண்ட் விலைதான் காரணம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சும்மா நிற்கும் இயந்திரத்துக்குத்தான் நீங்கள் பெரும்பாலும் காசு கொடுக்கிறீர்கள்.

ஒரு 60 கிலோவாட் ஃபாஸ்ட் சார்ஜரை எடுத்துக்கொள்வோம். இயந்திரம், கேபிள், சிவில் வேலை எல்லாம் சேர்த்து 10 லட்ச ரூபாய் என்று வைப்போம் (சுலபமாகக் கணக்கிட ஒரு முழு எண்). ஏழு வருடத்தில் அந்தப் பணத்தை எடுக்க வேண்டுமானால் மாதம் சுமார் 11,900 ரூபாய். இதோடு, வாங்கி வைத்திருக்கும் லோடுக்கு (எத்தனை கிலோவாட் இழுக்கலாம் என்ற அனுமதிக்கு) மாதாமாதம் நிலைக்கட்டணம் உண்டு. வண்டி வந்தாலும் வராவிட்டாலும் கட்டியாக வேண்டும். கிலோவாட்டுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 6,000. மொத்தம் 17,900 ரூபாய், இதில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலைகூட இன்னும் சேரவில்லை.

இப்போது அந்தச் சார்ஜர் நாளைக்கு ஒரு மணி நேரம்தான் வேலை செய்கிறது என்றால், மாதம் 1,800 யூனிட் போகும். யூனிட் ஒன்றின் தலையில் கிட்டத்தட்ட 10 ரூபாய் விழுகிறது. நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 1 ரூபாய் 66 காசுதான். ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி இல்லாமல் நிற்கும் வண்டிக்கும் வாடகை ஓடுகிற கதைதான் இது. இதனால்தான் வண்டிகள் குறைவான ஊர்களில் சார்ஜிங் விலை அதிகம், விலை அதிகமாக இருப்பதால் வண்டி வாங்கவும் ஆள் யோசிக்கிறார்.

இதையே மெதுவான சாக்கெட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 15 ஆம்பியர் சாக்கெட், சிறிய மீட்டர், பெட்டி, வயரிங் சேர்த்து 10,000 ரூபாய். ஐந்து வருடத்தில் எடுக்க மாதம் 167 ரூபாய். இரவில் ஆறு மணி நேரம் 3.3 கிலோவாட்டில் ஓடினால் மாதம் சுமார் 600 யூனிட். யூனிட்டுக்கு 28 காசு! இந்த ஒரு வித்தியாசம்தான் இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப் போவதன் அடிப்படை. வீட்டில் சார்ஜ் போட முடியாதவரை ஃபாஸ்ட் சார்ஜர் பக்கம் அனுப்புவது, தினமும் வீட்டுச் சாப்பாடு இல்லாதவரைக் கல்யாண மண்டபத்து விலையில் சாப்பிடச் சொல்வது போல.

வரி எவ்வளவு சேர்கிறது?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. மின்சார வண்டிக்கு 5 சதவீதம். சார்ஜர் இயந்திரத்துக்கும் 5 சதவீதம், 2019 ஆகஸ்ட்டில் 18இலிருந்து குறைத்தார்கள். ஆனால் பொது சார்ஜரில் சார்ஜ் போட்டால் 18 சதவீதம்.

எப்படி வந்தது இது? 2018 ஏப்ரலில் மத்திய மின் அமைச்சகம் ஒரு விளக்கம் கொடுத்தது: வண்டிக்குச் சார்ஜ் போடுவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை. ஆகவே சார்ஜிங் நிலையம் வைக்க மின் விநியோக உரிமம் தேவையில்லை. நல்ல முடிவு, டீக்கடைக்காரர்கூட ஒரு சார்ஜர் வைக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. ஆனால் சேவை என்று சொன்னால் சேவைக்கான ஜிஎஸ்டி வருமல்லவா? 2023 ஜூலையில் கர்நாடகத்தின் ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம் (எதற்கு எவ்வளவு வரி என்று கேட்டால் முன்கூட்டியே விளக்கம் தரும் அமைப்பு), சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகம் கேட்ட கேள்விக்கு அப்படித்தான் பதில் சொன்னது. மின்சாரக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று பில்லில் பிரித்துப் போட்டாலும் மொத்தமும் சேவைதான், மொத்தத்துக்கும் 18 சதவீதம்.

ஆக, வீட்டில் போடுபவர் மின்சாரம் வாங்குகிறார், அவருக்கு ஜிஎஸ்டி இல்லை. தெருவில் போடுபவர் சேவை வாங்குகிறார், அவருக்கு 18 சதவீதம். யாரிடம் கராஜ் இருக்கிறதோ அவருக்குச் சலுகை என்று சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. ஆனால் நடைமுறையில் அதுதான் நடக்கிறது. இதை 5 சதவீதமாக்கினால் யூனிட்டுக்கு இரண்டே முக்கால் ரூபாய்வரை குறையும். மற்ற சீர்திருத்தங்களைப் போல வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதும் இல்லை, ஜிஎஸ்டி கவுன்சில் ஒரு கூட்டத்தில் முடிக்கக்கூடிய காரியம்.

அரசு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லையா?

வைத்திருக்கிறது. 2023 ஏப்ரலில் மத்திய அரசு தன் வழிகாட்டுதலில் ஒரு சூத்திரம் சொன்னது. சார்ஜிங் நிலையத்துக்கு மின்வாரியம் கொடுக்கும் மின்சாரத்தின் அடிப்படை விலை, அதன் சராசரி வழங்கல் செலவைத் (ஒரு யூனிட்டைக் கொண்டு சேர்க்க வாரியத்துக்கு ஆகும் செலவை) தாண்டக் கூடாது. வெயில் நேரமான காலை 9 முதல் மாலை 4 வரை அதில் 20 சதவீதம் குறைவு, மற்ற நேரத்தில் 20 சதவீதம் கூடுதல். அதன் மேல் நிலையம் வாங்கும் சேவைக் கட்டணம் மெதுவான ஏசி சார்ஜருக்குப் பகலில் 2.50 ரூபாய், மற்ற நேரத்தில் 3.50. வேகமான டிசி சார்ஜருக்குப் பகலில் 10, மற்ற நேரத்தில் 12.

சராசரிச் செலவு 8 ரூபாய் என்று வைத்து அந்த 2023 சூத்திரப்படி கூட்டினால், ஜிஎஸ்டி சேர்த்து, பகலில் மெதுவாகப் போட்டால் யூனிட் பத்தரை ரூபாய். இரவில் வேகமாகப் போட்டால் இருபத்தைந்தரை ரூபாய். அதே யூனிட், அதே பேட்டரி. எப்போது, எந்த வேகத்தில் போடுகிறீர்கள் என்பதில் பதினைந்து ரூபாய் வித்தியாசம்.

2024 செப்டம்பர் வழிகாட்டுதலில் சராசரிச் செலவைப் போலப் பகலுக்கு 0.7 மடங்கு, மற்ற நேரத்துக்கு 1.3 மடங்கு என்று இடைவெளியை இன்னும் அகலப்படுத்தினார்கள். ஆனால் கட்டணத்தை முடிவு செய்வது அந்தந்த மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். டெல்லி நிலைக்கட்டணமே இல்லாமல் யூனிட்டுக்கு 4.50 ரூபாய் என்று தாழ்வழுத்த இணைப்புக்கு (வீடு, கடைகளுக்கு வரும் சாதாரண இணைப்பு) வைத்தது. எல்லா மாநிலமும் அப்படி வைக்கவில்லை.

பகலில்தான் மலிவு என்கிறீர்கள். வண்டி வீட்டுக்கு வருவதே ராத்திரிதானே?

சரியான கேள்வி. நண்பகலில் சூரிய மின்சாரம் மலிந்து கிடக்கிறது, அதை யாராவது எடுத்துக்கொண்டால் நல்லது என்பது மின்வாரியத்தின் பார்வை. அதில் தவறில்லை. ஆனால் இரவுக் கட்டணத்தை 1.3 மடங்காக்கும்போது அடி விழுவது, பகலெல்லாம் வேலைக்குப் போய் இரவில் தெருவோரம் வண்டி நிறுத்துபவருக்கு. சொந்த வீட்டுக்காரர் இரவில் போட்டாலும் அவருக்கு வீட்டுக் கட்டணம்தான்.

இதற்கு எனக்குத் தெரிந்த நேரான வழி, வண்டி பகலில் நிற்கும் இடத்துக்குச் சாக்கெட்டைக் கொண்டுபோவது. ஆபீஸ், கல்லூரி, மருத்துவமனை, மின்ரயில் நிலையத்து டூவீலர் ஸ்டாண்டு. காலை ஒன்பதுக்கு டோக்கன் வாங்கி நிறுத்தினால் மாலை ஆறு வரை வண்டி அங்கேயேதான் நிற்கப் போகிறது. ஒன்பது மணி நேரம் நிற்கும் ஸ்கூட்டருக்கு எதற்கு ஃபாஸ்ட் சார்ஜர்? ஒரு சாதாரண சாக்கெட் போதும். பார்க்கிங் டெண்டர் விடும்போதே இத்தனை சாக்கெட், யூனிட்டுக்கு இவ்வளவுக்கு மேல் வாங்கக் கூடாது என்று இரண்டு வரி சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

ஆட்டோ ஓட்டுபவர்களுக்கு என்ன வழி?

என்னைக் கேட்டால் முதல் சாக்கெட் இவர்களுக்குத்தான் போட வேண்டும். மின்சார ஆட்டோவின் பேட்டரி ஏழு முதல் ஒன்பது யூனிட் அளவு. நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டினால் அது தினமும் காலியாகும். கார்க்காரர் வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போடுவார். இவர் தினமும் போட்டாக வேண்டும், வாடகை வீட்டில் இருப்பவரும் பெரும்பாலும் இவர்தான்.

சவாரிக் கணக்கைப் பார்த்தால் ஒன்று தெரியும். காலை பத்தரை வரை ஸ்கூல், ஆபீஸ் சவாரி. மாலை நாலுக்கு மேல் மறுபடியும் சூடு பிடிக்கும். நடுவில் ஒன்றிலிருந்து நாலு வரை வேப்பமர நிழலில் சீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். அந்த மூன்று மணி நேரம்தான் மின்சாரம் மிக மலிவாக இருக்கும் நேரம்! ஸ்டாண்டிலேயே நாலு 15 ஆம்பியர் சாக்கெட் இருந்தால், மத்தியானத் தூக்கத்தில் பேட்டரியின் பெரும்பகுதி ஏறிவிடும். யூனிட் பத்து ரூபாய் என்றாலும் முழு பேட்டரிக்கு எண்பது ரூபாய் சொச்சம்.

கேரளத்தில் இதற்குப் பக்கத்தில் வந்தார்கள். கேரள மின்வாரியம் 2021இல் கோழிக்கோட்டில் மின்கம்பத்திலேயே சிறிய சார்ஜிங் பெட்டி பொருத்திப் பார்த்தது. பிறகு மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் வைக்கத் திட்டம் போட்டது. குறி முக்கியமாக ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும். கம்பம் ஏற்கெனவே இருக்கிறது, கரண்ட் ஏற்கெனவே வருகிறது, நிலத்துக்கு வாடகை இல்லை. செலவு குறைய இதைவிட என்ன வேண்டும்? ஒரே சிக்கல், கம்பத்தடியில் வேறு யாரும் வண்டியை நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டி பொருத்துவதைவிட அந்த ஆறடி இடத்தைக் காலியாக வைப்பதுதான் பெரிய வேலை.

தெருவிளக்குக் கம்பத்தில் போட முடியாதா?

லண்டனில் போடுகிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு தெரு முழுவதும் விளக்குக் கம்பங்களைச் சார்ஜராக மாற்றினார்கள். நம் ஊரில் ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது. தெருவிளக்குகளுக்குப் பெரும்பாலும் தனி லைன், மாலையில் ஒரு பெட்டியிலிருந்து மொத்தமாகப் போட்டுக் காலையில் அணைப்பார்கள். பகலில் அந்தக் கம்பத்தில் கரண்ட்டே இருக்காது. இரவு சார்ஜிங்குக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம், வயரின் தடிமனைப் பார்த்த பிறகு.

எங்கள் அசோசியேஷன் பிளக் பாயிண்ட் வைக்க விடமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. முன்பு இருந்த எட்டு வீட்டு ஃபிளாட்டில் நானே இதைக் கடந்து வந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதிர்ப்பு இரண்டு வகை. முதலாவது, "டிரான்ஸ்பார்மர் தாங்காது." இதற்குப் பதில் எண்ணில் இருக்கிறது. ஸ்கூட்டர் சார்ஜர் 700 முதல் 1,000 வாட். இஸ்திரிப் பெட்டியும் அதே அளவுதான். கீசர் 2,000 வாட். காலை ஏழு மணிக்கு எட்டு வீட்டிலும் கீசர் ஓடும்போது வெடிக்காத டிரான்ஸ்பார்மர், இரவு பதினொன்றுக்கு ஒரு இஸ்திரிப் பெட்டிக்கு வெடிக்காது. கார் என்றால் கதை வேறு. 3.3 கிலோவாட் வீதம் பத்து கார் ஒரே நேரத்தில் போட்டால் 33 கிலோவாட், அதற்கு லோடு கூட்டத்தான் வேண்டும். அல்லது முறை வைத்து, பாதிப் பேர் நள்ளிரவுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு காசு பற்றியது: "பொது மீட்டரில் நீங்கள் போட்டால் நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?" இது நியாயம். தமிழ்நாட்டில் அடுக்குமாடிகளின் பொது மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. 2022இல் அது 8 ரூபாய் ஆனது. 2023 அக்டோபரில் பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 5.50 ஆகக் குறைத்தார்கள். எந்தக் கட்டணமோ, அதை வண்டிக்காரர் கட்ட வேண்டும்.

நாங்கள் செய்தது இது. எலக்ட்ரீஷியனை வைத்து என் செலவில் பொது மீட்டருக்குப் பின்னால் ஒரு சப் மீட்டர், ஒரு எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), எர்த் உள்ள 15 ஆம்பியர் சாக்கெட், பூட்டுப் போட்ட தகரப் பெட்டி. வாட்ச்மேன் ரூமில் நாற்பது பக்க நோட்டு ஒன்று. மாதக் கடைசியில் மீட்டர் எண்ணை எழுதி, பொது பில்லின் யூனிட் விலையோடு ஒரு ரூபாய் சேர்த்து (தேய்மானத்துக்கு) செயலாளருக்கு ஜிபே. முதல் மாதம் 29 யூனிட். அதைப் பார்த்ததும், அதுவரை வாட்ஸ்அப் குரூப்பில் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருந்த முதல் மாடி மாமா, "இவ்வளவுதானா?" என்றார். ஆறு மாதத்தில் அவரும் ஒரு ஸ்கூட்டர் வாங்கினார், நோட்டில் இன்னொரு பத்தி கோடு போட்டோம்.

சட்டம் உதவுமா என்றால், வீட்டிலும் ஆபீசிலும் இருக்கும் இணைப்பிலிருந்தே வண்டிக்குச் சார்ஜ் போடலாம் என்று மத்திய வழிகாட்டுதல் 2022இலேயே சொல்லிவிட்டது. ஆனால் கலிபோர்னியாவில் இருப்பது போல "நியாயமான கோரிக்கையைச் சங்கம் மறுக்க முடியாது" என்ற நேரடிச் சட்டம் வந்தால்தான் வேகம் வரும். அதுவரை நோட்டுப் புத்தகம்தான்.

வாடகை வீடு. ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்.

அவர் அப்படி வாங்குவது சரியில்லை, உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இலவச 100 யூனிட்டின் பலனையும் பல இடங்களில் அவர்தான் எடுத்துக்கொள்கிறார். இருந்தாலும் ஸ்கூட்டருக்கு மட்டும் யோசித்தால், பத்து ரூபாயும் பொது சார்ஜரைவிட மலிவே. சண்டையை மொத்த கரண்ட் பில்லுக்காகப் போடுங்கள். ஸ்கூட்டருக்கு ஆகும் வித்தியாசம் மாதம் நூற்றைம்பது ரூபாய்தான்.

ஜன்னல் வழியாக வயர் விட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடலாமா?

வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் வயர் மணிக்கணக்கில் அந்த லோடைத் தாங்கச் செய்யப்பட்டது இல்லை. எர்த்தும் பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும். 2022 மார்ச்சில் வேலூரில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்ட ஸ்கூட்டர் எரிந்து தந்தையும் மகளும் இறந்ததை நினைவில் வையுங்கள். படுக்கும் அறையிலும், வெளியேறும் ஒரே வாசலுக்குப் பக்கத்திலும் பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது.

கழற்றும் பேட்டரி உள்ள ஸ்கூட்டர் வாங்கினால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். ஒரு பேட்டரி பத்து, பன்னிரண்டு கிலோ. முதல் வாரம் உடற்பயிற்சி, இரண்டாவது மாதம் மூட்டுவலி. முதல் மாடி வரை பரவாயில்லை, என் முப்பத்துநான்கு படிகளுக்கு நான் வேண்டாம் என்றேன். மேன்ஷன்வாசிகளுக்கு இதுதான் நல்ல வழி, மேனேஜர் ஒத்துக்கொண்டால்.

பேட்டரியை மாற்றிக் கொடுக்கும் நிலையங்கள் டெலிவரி வேலை செய்பவர்களுக்குப் பொருந்தும், நேரம்தான் அவர்களுக்குக் கூலி. ஆனால் இங்கேயும் வரி கோணல். வண்டியோடு வரும் பேட்டரிக்கு 5 சதவீதம், தனியாக வாங்கும் பேட்டரிக்கு 18 சதவீதம். மாற்று நிலையக்காரர் வாங்குவதெல்லாம் தனி பேட்டரிதான்.

எத்தனை ஆப், எத்தனை வாலட்! இதுவும் செலவுதானே?

செலவுதான், யாரும் கணக்கில் எழுதாத செலவு. என் போனில் ஒரு கட்டத்தில் ஐந்து சார்ஜிங் ஆப் இருந்தது. ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று வாலட்டில் போட்டால்தான் மெஷின் வாய் திறக்கும். ஐந்திலும் சேர்த்து எண்ணூறு ரூபாய் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ராத்திரி ஒரு நிலையத்தில் காசு பிடித்துவிட்டு சார்ஜ் ஏறவில்லை, பணம் திரும்பி வர பதினொரு நாள். கீரைக்கார அம்மாவே க்யூஆர் அட்டை வைத்திருக்கும் ஊரில், வாலட் இல்லாமல் நேராக யுபிஐயில் கட்ட முடியாதது என்ன கொடுமை! பிரிட்டன் 2023இல் போட்ட விதிகளின்படி, 8 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள புதிய பொது சார்ஜரில் கார்டைத் தொட்டுக் காசு கட்ட வழி இருக்க வேண்டும், விலையை யூனிட் கணக்கில் தெளிவாகக் காட்ட வேண்டும். நமக்குத் தேவையானதும் அதே இரண்டு வரிதான்.

இன்னொன்று, நிமிடக் கணக்கில் வாங்கும் இடங்களில் 80 சதவீதம் ஏறியதும் கழற்றிவிடுங்கள். கடைசி 20 சதவீதம் ஊர்ந்து ஏறும், மீட்டர் மட்டும் அதே வேகத்தில் ஓடும்.

அரசு மானியம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் ஈ-டிரைவ் திட்டத்தில் 72,300 பொது சார்ஜர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் 48,400 இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு என்பது நல்ல செய்தி. ஆனால் சார்ஜர் வைக்கக் காசு கொடுத்துவிட்டு, அதில் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று கேட்காமல் விட்டால் பலன் நம் கைக்கு வராது.

எனக்குப் பிடித்த மாதிரி டெல்லியுடையது. அதன் 2020 கொள்கையில் முதல் 30,000 மெதுவான சார்ஜிங் பாயிண்ட்டுகளுக்கு ஒன்றுக்கு 6,000 ரூபாய் வரை மானியம் வைத்தார்கள், விண்ணப்பம் ஒரே இடத்தில். குடியிருப்பும் வாங்க முடிந்தது, கடைக்காரரும் வாங்க முடிந்தது. மானியத்துக்குப் பிறகு ஒரு சின்ன சார்ஜர் சில ஆயிரத்துக்குள் வந்துவிட்டது. ஒரு ஃபாஸ்ட் சார்ஜரின் விலைக்கு ஒரு தெருவுக்கே சாக்கெட் போடலாம்.

நிலமும் ஒரு மானியம்தான். அரசு இடத்தைச் சார்ஜிங் நிலையத்துக்கு, விற்கும் யூனிட்டுக்கு ஒரு ரூபாய் பங்கு என்ற கணக்கில் கொடுக்கலாம் என்று 2022 வழிகாட்டுதல் சொன்னது. ஏலம் விட்டு அதிக வாடகைக்குக் கொடுத்தால் அந்த வாடகையும் நம் பில்லில்தான் வந்து உட்காரும்.

வெளிநாட்டில் இதைத் தீர்த்துவிட்டார்களா?

பிரிட்டனைப் பாருங்கள், அங்கேயும் இதே புலம்பல். வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீதம் மதிப்புக் கூட்டு வரி, பொது சார்ஜருக்கு 20 சதவீதம். அங்கே இதை 'நடைபாதை வரி' என்றே கேலியாகச் சொல்கிறார்கள். வீட்டில் இரவுக் கட்டணத்தில் போடுபவருக்கும் நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரில் போடுபவருக்கும் விலை வித்தியாசம் பத்து மடங்கு வரை போகிறது. லண்டனின் ஈஸ்ட் ஹாம் போல வரிசை வீடுகள் நெருக்கமாக இருக்கும் பகுதிகளில், வீட்டுக்கும் தெருவில் நிற்கும் காருக்கும் நடுவே நடைபாதை இருக்கிறது. அதன் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, வயரை அதற்குள் படுக்க வைத்து மூடிவிடும் முறையைப் பல நகரங்களில் செய்கிறார்கள். வீட்டுக் கட்டணம் அப்படியே தெருவில் நிற்கும் காருக்குக் கிடைத்துவிடுகிறது. சின்ன யோசனை, நல்ல யோசனை. நம் நடைபாதையில் வாய்க்கால் வெட்ட முதலில் நடைபாதை வேண்டும், அது வேறு பக்கத்துக்கான விஷயம்.

கடைசியில், நான் வண்டி வாங்கலாமா?

ஸ்கூட்டர் என்றால் தயங்காமல் வாங்குங்கள். முழுக்க வெளியே சார்ஜ் போட்டாலும் மாதச் செலவு சில நூறுதான். ஆட்டோ என்றால் ஸ்டாண்டுக்கோ வீட்டுக்கோ அரை கிலோமீட்டருக்குள் மெதுவான சாக்கெட் ஒன்று உறுதியான பிறகு வாங்குங்கள். கார் என்றால், ஆபீசில் சார்ஜ் வசதி இருந்தால் சரி. ஃபாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பி என்றால், மாதம் எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதை வைத்து மேலே சொன்ன கணக்கை ஒரு முறை உங்கள் எண்களோடு போட்டுப் பாருங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் நம்பியிருக்கும் சார்ஜருக்கு மூன்று நாள், இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு நாள் திரை இருட்டாக இருக்கும். ஒரு நாள் வேலை செய்யும், ஆனால் முன்னால் ஒரு டீசல் வேன் நிற்கும், டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார். மூன்றாவது நாளும் அதே வேன் நின்றால், சார்ஜர் வேறு தேடுங்கள்.